ஓப்பர்குலம்: ஓட்டுமூடி

ஏரி நத்தையைக் கொதிநீரில் போட்டால் ஓட்டின் வாயிலிருந்து ஒரு வட்டத் தகடு கழன்று வரும். காவேரிப்பாக்கம் பக்கம் நத்தை சமைக்கிறவர்கள் அதைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் சதையை எடுப்பார்கள். விலங்கியலில் அதன் பெயர் ஓப்பர்குலம். தகடு ஒட்டியிருப்பது ஓட்டில் அல்ல, நத்தையின் பாதத்தில், பின்பகுதியின் மேற்புறத்தில். உடலை உள்ளே இழுக்கும்போது கடைசியாகப் போவதால் தானாகவே வாயை அடைத்துக்கொள்கிறது. கோடையில் ஏரி வற்றும்போது பைலா என்ற ஏரி நத்தை சேற்றுக்குள் புதைந்து, ஈரம் போகாமல் மழைவரை தாங்குவதும் இதனால்தான்.

சொல் லத்தீன். ‘ஓப்பெரீரே’ என்றால் மூடுதல். ‘குலும்’ கருவியைக் காட்டும் விகுதி. மூட உதவுவது எது, அது ஓப்பர்குலம். அதே வினையின் முன்னால் ‘கோ’ சேர்ந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் போய், கடைக்காரரிடம் நாம் கேட்கும் ‘கவர்’ ஆகியிருக்கிறது.

லத்தீன்காரர்கள் பொதுவாகச் சொன்னதை அறிவியல் பல இடங்களுக்குப் பங்கிட்டுவிட்டது. மீனின் செவுளை மறைக்கும் எலும்புத் தகடு ஓப்பர்குலம். பாசிச் செடியின் வித்துப்பை மூடி ஓப்பர்குலம். தைலமரத்து மொட்டு மலரும்போது உதிரும் தொப்பியும் ஓப்பர்குலம். தமிழ்ப் பாடநூல்களில் மீனுக்குச் ‘செவுள் மூடி’ நிலைத்திருக்கிறது, நல்ல சொல். அதையே நத்தைக்கும் எழுதினால் பிழை. நத்தையின் இந்தத் தகடு செவுளை மூடுவதே இல்லை.

‘வாய்மூடி’ என்றும் எழுதலாம்தான். ஆனால் நத்தைக்கு உண்ணும் வாய் வேறு, ஓட்டின் வாய் வேறு. ஓர் இனத்தின் உடலடையாளங்களை எழுதும் இனவிளக்கத்தில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வரும், குழப்பும். போதாததற்கு ‘வாய்மூடி இரு’ என்கிற வழக்கு குறுக்கே நிற்கிறது. வெறும் ‘மூடி’ எதன் மூடி என்று சொல்லாது. ‘ஓட்டுமூடி’ பொருந்தும்: ஓட்டு வீடு என்பதுபோல் இயல்பான புணர்ச்சி, தகடு மூடுவதும் ஓட்டைத்தான். தேர்தல் ஓட்டு நினைவுக்கு வருமே என்பார்கள். வரட்டும், ஏரிக்கரையில் யாரும் குழம்ப மாட்டார்கள்.

தொல்காப்பியம் ‘நந்தும் முரளும் ஈரறிவினவே’ என்று உணர்வைக் கொண்டு நத்தையை வகுத்தது. இன்று நன்னீர் நத்தையை வகுக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஓட்டுமூடியை. மூன்று, நான்கு மில்லிமீட்டர் நத்தையில் ஓட்டின் வடிவம் ஏமாற்றும். வளர்ந்த சிறு இனமும் பெரிய இனத்தின் குஞ்சும் ஒன்றுபோல் தெரியும். 10 மடங்கு கைலென்சில் தொடங்கி, உருப்பெருக்கியில் மூன்றைக் கேட்க வேண்டும்: மூடி உண்டா, எதனால் ஆனது, வரிகள் எப்படி ஓடுகின்றன.

தட்டையாகச் சுருண்ட கைராலஸ், இண்டோபிளானார்பிஸ் போன்ற நுரையீரல் நத்தைகளுக்கு மூடி கிடையாது. பித்தினியா குடும்பத்தின் குட்டி நத்தைகளுக்குச் சுண்ணாம்பு மூடி, பொதுமைய வளையங்கள், அதாவது ஒரே மையத்தைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றான வளையங்கள். பெல்லாமியா போன்ற குட்டி ஈனும் நத்தைகளுக்கும் பொதுமைய வளையங்களே, ஆனால் மூடி கொம்புப்பொருள். பழுப்பாக, நகம்போல் வளையும். கூம்பாக நீண்ட மெலனாய்டெஸ் டியூபர்குலேட்டாவின் மூடியும் கொம்புப்பொருள்தான். வரிகள் மட்டும் சுருளாக, சில சுற்றோடு நிற்கும். இதைச் ‘சில்சுருள்’ என்றும் சுற்றுகள் மிகுந்ததைப் ‘பல்சுருள்’ என்றும் சொல்லலாம். வரிகள் தொடங்கும் புள்ளியை அகராதி பார்த்து ‘உட்கரு’ என்று எழுதிவிடக் கூடாது. அது செல்லின் உறுப்பு. ‘தொடக்கப்புள்ளி’ போதும்.

சுண்ணாம்பா கொம்பா என்று ஐயம் வந்தால், உதிரியாகக் கிடைத்த ஒரு மூடியில் ஒரு சொட்டு வினிகர் விட்டு லென்சில் பாருங்கள். குமிழி வந்தால் சுண்ணாம்பு. சோதித்த மூடி வீணாகிவிடும், எனவே ஒற்றை மாதிரியில் செய்ய வேண்டாம்.

பாலாற்று மணலில் பொறுக்கிய வெற்று ஓட்டை வைத்து ‘ஓட்டுமூடி இல்லை’ என்று எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. உயிர் போனதும் சதை அழுகி மூடி உதிர்ந்திருக்கும். ‘கிடைக்கவில்லை’ என்றே எழுத வேண்டும்.

அடுத்த சிக்கலுக்கு மூடியே காரணம். உயிருள்ள நத்தையை நேராக ஆல்கஹாலில் போட்டால் அது சட்டென்று உள்ளிழுத்து மூடிக்கொள்ளும். ஆல்கஹால் உள்ளே புகாது, உடல் அழுகும், பிறகு உடலமைப்பும் பார்க்க முடியாது, டிஎன்ஏவும் தேறாது. எனவே நீர்ச்செடிகளை வெள்ளைத் தட்டில் உதறிச் சேர்த்த நத்தைகளை, பிடித்த இடத்துத் தண்ணீரிலேயே சிறு கிண்ணத்தில் வைத்து, மேலே சில மெந்தால் துகள்களைத் தூவி மூடி வைக்க வேண்டும். ஊசியால் தொட்டும் பாதம் சுருங்கவில்லை என்றால் மயங்கிவிட்டது. இதற்குச் சில மணி நேரம், சிலவற்றுக்கு ஓர் இரவு. பிறகு உடலமைப்புக்கு 70 சதவீத ஆல்கஹால், டிஎன்ஏவுக்கு 95. வெறும் பார்மலின் கூடாது; அதன் அமிலம் ஓட்டையும் சுண்ணாம்பு மூடியையும் கரைத்துவிடும். சீட்டை பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரையும். ஜவ்வாது மலையின் காப்புக்காட்டு ஓடை என்றால் வனத்துறை அனுமதி முதலில்.

விளக்கத்தில் மூடிக்கு இரண்டு வரி போதும்: ‘ஓட்டுமூடி கொம்புப்பொருள், சில்சுருள், தொடக்கப்புள்ளி அடிப்பக்கம், ஓரத்தை ஒட்டி.’ மெலனாய்டெஸ் டியூபர்குலேட்டாவுக்கு இது பொருந்தும். இந்த இனத்தை டென்மார்க் விலங்கியலாளர் முல்லர் 1774-இல் பெயரிட்டபோது சொன்ன இடம் சோழமண்டலக் கரை. அவர் வைத்த பேரினம் நெரிட்டா. பின்னால் பேரினம் மாறியதால் இனப்பெயரை அடுத்து அவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வரும். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் மெலனாய்டெஸ் என்ற பேரினத்திலேயே அவர் வைத்தார் என்று பொருளாகிவிடும்.

கழற்றிய கொம்பு மூடி காய்ந்தால் சுருண்டு வெடிக்கும். ஆல்கஹால் நிரப்பிய சிறு குப்பியில் போட்டு, ஓட்டுக்குக் கொடுத்த அதே எண்ணை எழுதி, இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்க வேண்டும்.