அரித்மியா: சீரற்ற துடிப்பா, துடிப்புப் பிறழ்வா?

இதயத்தின் மின்னலைகளைத் தாளில் கோடாக வரையும் ஈசிஜி அறிக்கையில் வரும் ‘அரித்மியா’ என்ற சொல்லை நம் நாளிதழ்கள் ‘சீரற்ற இதயத்துடிப்பு’ என்று எழுதுகின்றன. கிரேக்க வேரைப் பார்த்தால் இது சரிதான். ‘ரித்மோஸ்’ என்றால் லயம். முன்னால் நிற்கும் ‘அ’ இன்மையைக் குறிக்கும். அநீதி, அசுத்தம் என்று வடசொற்களில் நாம் பார்க்கிற அதே ‘அ’.

ஆனால் இதயம் இந்தப் பொருளுக்குள் அடங்குவதில்லை. எஸ்விடி என்ற விரைவுத் துடிப்பு வகையில் நிமிடத்துக்கு 180 முறைகூடத் துடிக்கும்; தாளில் ஒவ்வொரு துடிப்பையும் காட்டும் முகடும் அளந்து வைத்தாற்போல ஒரே இடைவெளியில் நிற்கும். துடிப்பு சீர்தான், ஆனாலும் அது அரித்மியா. மறுபக்கம், நல்ல உடல்நலமுள்ள இளைஞருக்கு மூச்சை இழுக்கும்போது துடிப்பு விரையும், விடும்போது தணியும். சீர் மாறுகிறது, நோய் இல்லை.

அதனால் ‘துடிப்புப் பிறழ்வு’ என்பதையே பரிந்துரைக்கிறேன். பிறழ்தல் என்றால் இருக்க வேண்டிய நிலையிலிருந்து மாறுதல். விரைவு, மந்தம், ஒழுங்கின்மை மூன்றையும் அது தாங்கும். ‘லயப் பிறழ்வு’ என்றாலும் தவறில்லை.

எடுத்துக்காட்டுகளிலிருந்து கணினி தானே கற்கும் ‘ஆழ்கற்றல்’ (டீப் லேர்னிங்) முறை கணினிக்குக் கற்றுத்தருவதும் இந்த நுட்பத்தைத்தான். பழைய நிரல்களில் முகடுகளின் இடைவெளி, அகலம் பற்றிய விதிகளை மனிதர்களே எழுதினார்கள். ஆழ்கற்றலில் அலையையும் மருத்துவர் இட்ட பெயரையும் கொடுத்தால் போதும்; எதைக் கவனிப்பது என்பதை அதன் கணிப்பு நிரலான வலையமைப்பே கண்டுகொள்ளும். பெயரிட்ட பதிவுகள்தான் அதற்கு மூலதனம். 1980இல் வெளியான எம்ஐடி-பிஐஎச் என்ற ஈசிஜி பதிவுத் தொகுப்பில் 47 பேரின் 48 அரைமணிப் பதிவுகளில் இதய மருத்துவர்கள் ஒவ்வொரு துடிப்புக்கும் பெயர் குறித்தார்கள். பொறுமையான, அருமையான உழைப்பு. 2019இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 53,549 பேரின் 91,232 பதிவுகளைக் கொண்டு உருவாக்கிய வலையமைப்பு 12 வகைகளைப் பிரித்தது: பத்துப் பிறழ்வுகள், இயல்பான லயம், இரைச்சல். இரைச்சலுக்குத் தனி இடம் தந்தது முக்கியம். நெஞ்சில் ஒட்டிய பட்டை சற்று நழுவினாலே கோடு கிறுக்கலாகிவிடும். அதை நோய் என்று படித்துவிடக் கூடாது.

‘சீரற்ற’ என்ற அடை முழுதும் பொருந்துவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்குத்தான். முகட்டுக்கு முன்னால் வரும் சிறிய மேடான ‘பி அலை’ காணாமல் போய் அடிக்கோடு நடுங்கும். முகடுகள் எந்தக் கணக்குக்கும் வராமல் விழும். மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் உதறுவதால் ‘மேலறை உதறல்’ எனலாம். அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். ஆகவே நோயாளிக்கு எழுதும்போது தமிழ்ச் சொல்லோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். அடுத்த மருத்துவரிடம் அவர் சொல்ல வேண்டிய பெயர் அது.