தண்ணீர் கொடுக்காத பயிற்சியும் கறுப்புக் கொடியும்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "முந்தி ஆமி, பொலிஸ் பயிற்சியில் நாக்கு வறண்டாலும் தண்ணீர் கொடுக்க மாட்டார்களாம். இப்ப வெளிநாடுகளில் வெயில் கூடினால் பயிற்சியையே நிறுத்துகிறார்களாமே. இந்தக் காலத்துப் பொடியன்களுக்கு உடம்பில் வலு இல்லையா?"

ஆயுதப் பயிற்சி என்றதும் எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் வேறு கதைகள் எழும்பும். அதற்குள் இன்று போகவில்லை. வாசகர் கேட்டது உடம்பைப் பற்றி.

தண்ணீரைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும் என்று பல நாட்டுப் படைகள் நெடுங்காலம் நம்பின. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எட்வர்ட் அடோல்ஃப் என்ற உடற்றொழிலியலாளரின் குழு கலிபோர்னியப் பாலைவனத்தில் ஆட்களை நடக்கவிட்டு இதைச் சோதித்தது. பழகவில்லை. தண்ணீர் குடியாதவனுக்கும் வியர்வை கிட்டத்தட்ட அதே அளவு போனது. அவன் முதலில் களைத்து விழுந்தான். இன்னொன்றும் தெரியவந்தது. தாகத்தை மட்டும் நம்பிக் குடிப்பவர்கள் இழந்த அளவுக்குக் குடிப்பதில்லை.

வியர்வை ஏன் இவ்வளவு முக்கியம்? சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்த மறைவெப்பம்தான். ஒரு லீற்றர் வியர்வை தோலிலிருந்து ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. 70 கிலோ ஆளின் உடல் வெப்பநிலையை 1 பாகை உயர்த்த ஏறக்குறைய 245 கிலோயூல் போதும். ஆகவே அந்த ஒரு லீற்றர் ஆவியாகாமல் இருந்திருந்தால் உடம்பு கிட்டத்தட்ட 10 பாகை சூடேறியிருக்கும். நெற்றியிலிருந்து நிலத்தில் சொட்டுகிற வியர்வை இந்தக் கணக்கில் சேராது. அது தண்ணீர் நட்டம் மட்டுமே.

1950களில் அமெரிக்க மெரைன் படையின் பாரிஸ் ஐலண்ட் முகாமில் கோடையில் புதிய படையினர் அடுத்தடுத்து வெப்பத்தால் விழுந்தார்கள். யாக்லோ, மினார்ட் என்ற இருவர் அங்கே ஓர் எளிய சூத்திரத்தைக் கொண்டுவந்தார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானியின் அளவில் 20 சதவீதம், நிழலில் காட்டும் சாதாரண வெப்பநிலையில் 10 சதவீதம். மூன்றையும் கூட்டினால் வரும் எண்ணைப் பார்த்துக் கொடி ஏற்றுவார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு, கடைசியில் 32.2 பாகைக்குக் கறுப்பு. கறுப்புக் கொடி ஏறினால் கடும் பயிற்சி நிற்கும்.

இதை எங்கள் ஊர்க் காற்றில் போட்டுப் பாருங்கள். ஆடி மாதம் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கிற ஒரு நாள்: வெப்பநிலை 36 பாகை, ஈரப்பதன் 40 சதவீதம் என்று வைப்போம். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி (ஈரக்குமிழ்) ஏறத்தாழ 25 பாகை காட்டும். கோளம் 46 என்றால் கூட்டுத்தொகை 30.3. மஞ்சள் கொடி. அடுத்தது, மாரி தொடங்குமுன் காற்றே அசையாத ஒரு புழுக்க நாள்: 31 பாகைதான், ஆனால் ஈரப்பதன் 85 சதவீதம். ஈரக்குமிழ் 29, கோளம் 45. கூட்டுத்தொகை 32.4. கறுப்புக் கொடி! "அப்பாடா, இண்டைக்கு வெயில் குறைவு" என்று நாங்கள் சொல்லும் நாள்தான் ஓடுகிறவனுக்கு ஆபத்தான நாள். கச்சான் வாயை உலர்த்தும், எரிச்சலூட்டும். ஆனால் வியர்வையை எடுத்துக்கொண்டு போகும். கச்சானில் மண்பானைத் தண்ணீர் நன்றாகக் குளிர்வதும் இதனால்தான்.

கொடி ஒரு பாதிதான். எனக்கு அலுக்கவே அலுக்காத மறுபாதி, உடம்பு வெப்பத்துக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும் விதம். தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பழகாத அதே உடம்பு வெப்பத்துக்கு இரண்டே வாரத்தில் பழகிவிடுகிறது. நாளுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் சூட்டில் வேலை செய்தால் போதும். முதல் சில நாட்களிலேயே குருதியின் திரவப் பகுதி கூடுகிறது. அதனால் தோலுக்கும் தசைக்கும் ஒரே நேரத்தில் குருதி அனுப்ப இதயம் முன்போல் அடித்துக்கொள்ளத் தேவையில்லை. பிறகு வியர்வை முந்தித் தொடங்குகிறது, கூடுதலாகவும் வருகிறது.

அடுத்த வேலை இன்னும் அழகு. வியர்வைச் சுரப்பி தோலின் அடியில் ஒரு சுருள் குழாய். அதன் அடிமுனையில் ஊறும் திரவத்தில் ஏறக்குறைய குருதித் திரவத்தின் அளவு உப்பு இருக்கும். அது மேலே ஏறி வரும் வழியில் குழாயின் சுவர் சோடியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. புதியவனுக்கு வியர்வை வேகமாக ஓடும்போது சுவருக்கு அவகாசம் போதாது. உப்பு வெளியே போய்ச் சட்டையில் வெள்ளைக் கோடாகக் காய்கிறது. நாட்கள் போக, சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பி விடுகிற அல்டொஸ்தெரோன் என்ற ஓமோன் அந்தச் சுவரில் சோடியத்துக்கான வாசல்களைக் கூட்டுகிறது. வியர்வை கூடும், உப்பு குறையும். யாருடைய கட்டளையும் இல்லாமல் தோலுக்குள் நடக்கிற கணக்கு இது.

ஆனால் சில வாரம் குளிரூட்டிய அறையில் இருந்தால் எல்லாம் கழன்றுவிடும். "நாங்க மட்டக்களப்பு வெயிலில பிறந்த ஆக்கள்" என்ற பெருமைக்கு உடற்றொழிலியலில் பெரிய மதிப்பு இல்லை. பிறந்த இடத்தைவிடப் போன இரண்டு வாரம் எங்கே வியர்த்தோம் என்பதே கணக்கு. வாசகருக்கான பதிலும் இதற்குள் இருக்கிறது: பழைய பயிற்சி வலுவானவர்களை உருவாக்கியதில் ஒரு பங்கு, தாங்காதவர்களைக் கழித்துவிட்டதுதான். இப்போது முதல் இரண்டு வாரம் சுமையைப் படிப்படியாக ஏற்றுவதால் அந்த ஆட்களும் தேறுகிறார்கள்.

எதிர்ப்பக்கமும் ஒரு தடவை சறுக்கியது. "குடி, குடி" என்று வற்புறுத்தியதில் 1990களில் அமெரிக்கத் தரைப்படைப் பயிலுநர் சிலர் அளவுக்கு மீறிக் குடித்து, குருதியில் சோடியம் குறைந்து, மூளை வீங்கி விழுந்தார்கள். 1998இல் மணிக்கு ஏறத்தாழ 1.4 லீற்றருக்கு மேல் வேண்டாம் என்று உச்ச வரம்பு போட்டார்கள்.

எனக்கொரு மனக்குறை. இந்த அறிவில் பெரும்பகுதி படைகளின் பணத்தில் வந்தது. ஆவணியில் அம்பாறை வயலில் அறுவடைக்கு நிற்கிறவரின் வியர்வையை அளக்க யார் பணம் ஒதுக்குகிறார்கள்? வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. மூன்று வெப்பமானியும் ஒரு கறுப்புக் கோளமும் பெரிய செலவில்லை. "வெயிலில் ஓடும்போது தண்ணி குடிச்சா நெஞ்சடைக்கும்" என்று இன்றும் மரதன் ஓடும் பிள்ளைகளிடம் சொல்கிற பெரியவர்களுக்கு எங்கள் ஊர் எண்களைக் காட்டினால் நம்புவார்கள்.

யாராவது விழுந்துவிட்டால் படைகள் இன்று செய்வதை நாமும் செய்யலாம். ஓடியவன் தடுமாறிப் பிதற்றினால், ஆளைத் தெரியாமல் பேசினால், உடற்சூடு 40 பாகையைத் தாண்டியிருக்கலாம். வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் அப்படித்தான். உடனே அம்புலன்ஸை அழையுங்கள். ஆனால் அது வரும்வரை சும்மா நிற்காதீர்கள். கழுத்து மேலே இருக்க ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்குங்கள். தொட்டி இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் நனைத்த படுக்கை விரிப்பால் உடம்பு முழுவதையும் சுற்றி, அது சூடேறியதும் மாற்றிக்கொண்டே இருங்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்க வேண்டும். சுயநினைவு தெளியாதவரின் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.