கை மறக்கவில்லை, சரி. இடது பக்கம்?

கட்டாரிலும் சவூதியிலும் பல வருஷம் கனரக வாகனம் ஓட்டிவிட்டு ஊருக்கு வந்தவர்கள் ஒரு கூட்டம். 2022இல் டீசல் வரிசையில் கிடந்து அலுத்துப்போய், லொறியை விட்டுக் கடை, ஓட்டோ என்று போனவர்கள் இன்னொரு கூட்டம். அம்பாறை மாவட்டத்துக் கல்முனைப் பக்கம் கனரக வாகனம் பழக்குகிற எனக்கு, புதுப் பொடியன்களைவிட இங்கே மறுபடி லொறிக்கு வருகிற இவர்களை நினைத்தால்தான் யோசனையாக இருக்கிறது. புதியவனுக்குத் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதாவது தெரியும். இவர்கள் சீட்டில் ஏறி உட்கார்ந்ததுமே "கை மறக்குமா மாஸ்டர்?" என்பார்கள்.

கை மறக்காதுதான். கிளச்சும் கியரும் சில நாளில் படிந்துவிடும். ஆனால் வேலை கொடுக்கிற முதலாளியும் அதை மட்டுமே பார்க்கிறார். வெறும் லொறியில் சந்தி வரைக்கும் ஒரு ரவுண்ட், ஒரு ரிவர்ஸ். "சரி, நாளைக்கு மரந்தகஹமுல அரிசிச் சந்தைக்கு லோட் இருக்கு, வெளிக்கிடு." கண் எந்தப் பக்கம் போகிறது, மலை இறக்கத்தில் கால் பிரேக்கை என்ன செய்கிறது, விடியற்காலை மூன்று மணிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அந்த ரவுண்டில் தெரியவராது.

வளைகுடா நாடுகளில் வண்டி வீதியின் வலப்பக்கம் ஓடும், சாரதி இடது சீட்டில் இருப்பார். அவருக்கு மறைகிற பக்கம் வலது. வருஷக்கணக்காக அவர் கண் தேடிப் பழகியது வலப்பக்கக் கண்ணாடியைத்தான். இங்கே வலது சீட்டில் ஏறியதும் மறைவு இடது பக்கத்துக்குப் போய்விடுகிறது, கண் மட்டும் பழைய பக்கத்திலேயே நிற்கிறது. நம்முடைய ஊரில் ஆபத்தெல்லாம் இருப்பதும் அந்த இடது பக்கத்தில்தான். மருதமுனையிலிருந்து காரைதீவு வரைக்கும் ஏ4 வீதியின் ஓரத்தைப் பாருங்கள்: பள்ளிக்கூடம் விட்டு வரும் சைக்கிள்கள், மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள், ஆள் இறக்குகிற ஓட்டோ.

வருகிற எல்லாரையும் சீட்டில் ஏற்றிவிட்டு, இடப்பக்கக் கதவோடு ஒட்டினாற்போல, முன் சில்லுக்கு நேரே ஒரு பொடியனைச் சைக்கிளோடு நிற்க வைப்பேன். "என்ன தெரியுது?" கண்ணாடியைப் பார்ப்பார்கள், கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். "ஒண்டும் இல்லையே மாஸ்டர்." இறங்கிச் சுற்றி வந்து பார்க்கச் சொல்வேன். அண்மையில் வந்த ஒரு காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் சொல்வோம்) சவூதியின் தம்மாமில் ட்ரெய்லர் ஓட்டியவர், கையில் நல்ல திறமை. இறங்கி வந்தவர் பொடியனின் உச்சந்தலையில் கையை வைத்து, அப்படியே நேரே கதவு வரைக்கும் கொண்டுபோனார். கதவுக் கண்ணாடியின் கீழ் விளிம்பு அந்தக் கைக்கு மேலே இருந்தது. "இவன் நிண்டதே தெரியல்லையே" என்றார். மறுகா ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை வரும்போது, கதவுக்கு மேலே மாட்டிக் கீழே பார்க்கிற கண்ணாடி ஒன்றை அவரே வாங்கி வந்திருந்தார். செலவும் பெரிதில்லை.

அந்தப் பொடியன் நிற்கிற நேரத்தில் லொறி இடது பக்கம் திரும்பினால் இன்னும் மோசம். பின் சில்லு முன் சில்லின் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். வண்டி நீளமாக நீளமாக வெட்டும் கூடும். சின்ன லொறியோடு விட்டுவிட்டுப் பத்துச் சில்லு லொறிக்குத் திரும்புகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

வீதியின் பிழையான பக்கத்துக்கு ஏறுவது பகலில் பெரும்பாலும் நடக்காது. மற்ற வாகனங்களே நம்மைச் சரியான பக்கத்தில் வைத்திருக்கும். நடப்பது விடியப்புறம், வெறும் வீதியில், எரிபொருள் ஷெட்டிலிருந்து வெளியே எடுக்கும்போது. சுற்றுவட்டத்திலும் கவனம் வேண்டும்: இங்கே வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும், அங்கே பழகியது இடப்பக்கமிருந்து வருகிறவருக்கு. டேஷ்போர்டில் இடது பக்கம் காட்டும் அம்புக்குறி ஒன்றை ஒட்டி வையுங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

அப்புறம் பிரேக். எல்ஃப், கென்டர் மாதிரி ஒயில் பிரேக் லொறி ஓட்டியவர்களுக்குப் பெடலைப் பம்ப் அடிக்கிற பழக்கம் காலில் ஊறியிருக்கும். பெடல் இறங்கினால் இரண்டு மூன்று தரம் அடித்தால் ஏறும், அதுதான் காரணம். பெரிய லொறிகளில் காற்றழுத்தத்தால் பிடிக்கிற எயார் பிரேக்கில் அதே பழக்கம் எமன். ஒவ்வொரு தரம் மிதித்து விடும்போதும் டேங்கில் இருக்கிற காற்று வெளியே போகிறது. வண்டியை நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை ஓஃப் பண்ணி, சாவியைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்களே மிதித்துப் பாருங்கள். எட்டு பார் அளவில் நிற்கிற காற்றழுத்த மானியின் ஊசி ஒவ்வொரு மிதிக்கும் இறங்கும். ஐந்துக்குப் பக்கத்தில் வரும்போது பஸர் கத்தத் தொடங்கும், வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். அதற்குப் பிறகும் மிதித்தால், காற்று குறைந்தால் பிடிக்கிற ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். இதைத் தரையில் ஒரு தரம் கண்ணால் பார்த்தவர் வீதியில் பம்ப் அடிக்க மாட்டார்.

எயார் பிரேக் மிதித்த கணத்தில் பிடிப்பதும் இல்லை. காற்று குழாயில் ஓடிப்போய்ச் சில்லில் வேலை செய்ய அரைச் செக்கன் அளவு போகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் லொறி ஒரு செக்கனுக்கு 17 மீட்டர் போகிறது. ஆக, கால் சரியாக மிதித்த பிறகும் எட்டு மீட்டருக்கு மேல் சும்மா போய்விடும். காரோ ஓட்டோவோ ஓட்டிப் பழகிய கண் முன்னுக்குப் போகிற வாகனத்தோடு விடுகிற இடைவெளி இதற்குக் காணாது.

கண்டிக்கு லோட் ஏற்றுகிறவர்கள் மகாஓயா, மஹியங்கனை வழியாக 18 வளைவு என்கிற மலைப்பாதையில் ஏறுவார்கள். ஏறுவது பிரச்சினையில்லை, எஞ்சின் முனகும், அவ்வளவுதான். மரக்கறியோ ஹார்ட்வெயார் சாமானோ ஏற்றிக்கொண்டு திரும்பி இறங்குவதுதான் சோதனை. ஏறின கியரில் இறங்குங்கள். கியரை இறக்கத்துக்கு முன்னமே போடுங்கள், பாதி இறங்கிய பிறகு மாற்றப் போனால் நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். எஞ்சின் புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸோஸ்ட் பிரேக் இருந்தால் போட்டு வையுங்கள். வேகம் கூடினால் பிரேக்கை உறுதியாக ஒரு தரம் மிதித்துக் குறைத்துவிட்டு விடுங்கள். லேசாக மிதித்தபடியே இறங்கினால் பிரேக் லைனர் சூடேறி, வாசம் அடிக்கும், பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுகிறவர்களுக்கு ஒன்று கேட்கிறேன்: அப்படி மிச்சம் பிடித்த டீசல் ஒரு லைனர் செட்டுக்குக் காணுமா?

உடம்புக்கு வருவோம். நான் டாக்டர் இல்லை, ஆனால் வருகிறவர்களில் நாற்பது தாண்டியவர்கள் அதிகம், அதில் சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர்கள் நிறைய. கனரக அனுமதிப்பத்திரத்துக்குத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் வேண்டும். அங்கே போகும்போது எடுக்கிற மருந்துகளை மறைக்காதீர்கள். இன்சுலினும் சில சீனிக் குளிசைகளும் சாப்பாடு பிந்தினால் சீனியைக் கீழே இறக்கிவிடும்: கை நடுங்கும், வியர்க்கும், கண் மங்கும். ஓடுகிற லொறியில் அது வரக்கூடாது. நோன்பு காலத்தில் ஓடுகிறவர்கள் கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தடிமனுக்குப் போடுகிற பிரிட்டோன் குளிசை நித்திரை வரவைக்கும், போட்டுவிட்டு ஸ்டியரிங் பிடிக்காதீர்கள். பெரிதாகக் குறட்டை விடுகிறவர், எட்டு மணித்தியாலம் படுத்தும் பகலில் தூங்கி விழுகிறார் என்றால் அது களைப்பு மட்டுமில்லை, டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம்.

இரவு வேலையை விட்டுப் பல வருஷம் ஆனவருக்கு விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரைக்கும்தான் கண்டம். கண் மூன்று செக்கன் சொருகினால் 60இல் 50 மீட்டர் யாரும் ஓட்டாமல் லொறி போகிறது. பிளேன்டீ கொஞ்ச நேரத்துக்கு உதவும், பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைப்பது அந்த அளவுக்குக்கூட உதவாது. ஓரம் பார்த்து நிறுத்தி இருபது நிமிஷம் படுங்கள். அதுவும் வெலிகந்தை, புணானைக் காட்டுப் பக்கம் போவதற்கு முன்னால் படுங்கள், உள்ளே போய் அல்ல. அங்கே யானை வீதியில் நிற்கும், அதன் கறுப்பு உடம்பில் லைட் பட்டுத் திரும்பாது, கிட்ட வந்த பிறகுதான் தெரியும்.

வீதியும் பழைய வீதி இல்லை. ஓட்டமாவடியில் ரயிலும் வாகனமும் ஒரே பாலத்தில் போன காலத்தில் ஓடியவர்களுக்கு இன்றைய கார்பட் வீதி சொகுசு, அந்தச் சொகுசில் வேகம் தானாக ஏறும். அறுவடைக் காலத்தில் பாதி வீதியில் நெல் காயும். மாரியில் வீதிக்கு மேலே வெள்ளம் பாயும். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மதரசாப் பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது இந்த மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. பாரமான வண்டி என்பதால் தண்ணீர் தூக்காது என்று நினைக்க வேண்டாம். ஓடுகிற வெள்ளத்தில் வீதி ஓரம் எது, அரிக்கப்பட்டது எது என்று தெரியாது.

அனுமதிப்பத்திரத்தை ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். 3,500 கிலோவிலிருந்து 17,000 கிலோ வரைக்கும் சி1, அதற்கு மேல் சி, ட்ரெய்லருக்கு சிஈ. கனரகத்துக்கு நாலு வருஷத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்க வேண்டும். வகுப்புப் பொருந்தாமல் ஓடி ஏதும் நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கலாம், அப்போது முதலாளியும் கைவிரிப்பார்.

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. திரும்பி வருகிறவரை முதலில் பகலில், சம்மாந்துறை–கல்முனை மாதிரிக் கிட்டடி ஓட்டத்தில், ஓடிப் பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். மலையும் இரவும் கடைசியில் வரட்டும். "ரெண்டு பேருக்குச் சம்பளம் குடுக்க ஏலாது" என்று சொல்வது எனக்குத் தெரியும், அதில் நியாயமும் இருக்கிறது. அதனால்தான் ஆளை எடுக்கிற நேரத்தைப் பாருங்கள் என்கிறேன். பெரும்போக அறுவடை தொடங்கி, மில் வாசலில் லொறி வரிசை நிற்கிற நேரத்தில் எடுத்தால் பழக்க ஒருவருக்கும் நேரம் இருக்காது. அதற்கு முன்னால், லோட் குறைந்த நாட்களில் கூப்பிடுங்கள். திரும்பி வருகிறவர்களும் அந்த நாட்களிலேயே போய்க் கேளுங்கள்.