தெரிந்த முகத்தோடு வரும் ஸ்பானியச் சொற்கள்

ஸ்பெயினில் வேலை கிடைத்த இளைஞர் ஒருவர், பணி ஒப்பந்தத்தை மொழிபெயர்க்க என்னிடம் கொண்டுவந்தார். அதில் 'எபெந்துவால்' என்றொரு சொல். ஆங்கில 'ஈவென்சுவல்' நினைவில், கடைசியில் பணி நிரந்தரமாகிவிடும் என்று வீட்டாரிடமும் சொல்லியிருந்தார். ஸ்பானியத்தில் அதற்குப் பொருள் தற்காலிகம். அதை அவரிடம் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அகராதியைப் புரட்ட வைக்கும் அரிய சொற்களால் பெரிய ஆபத்து இல்லை, புரட்டித்தானே பார்க்கிறோம்? ஆங்கிலம் அறிந்தவர் பார்க்காமலே கடந்துபோகும் சொற்கள்தாம் காலை வாரும். 'கொம்ப்ரொமீசோ' என்பது சமரசம் அன்று, கடப்பாடு. 'என் அப்சொலூதோ' என்பது 'முற்றிலும்' போல ஒலித்தாலும், பதிலாக வரும்போது 'துளியும் இல்லை' என்று பொருள்படும். தொகை எழுதும் இடத்தில் 'பில்யோன்' வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். ஆங்கில பில்லியன் 100 கோடி. ஸ்பானிய பில்யோன் ஒரு லட்சம் கோடி.

இலக்கணத்தில், 'தே' என்ற ஒற்றை அசை படுத்தும் பாடு தனி. 'தெபெ எஸ்தார் பகாதோ' என்றால் பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். 'தெபெ தே எஸ்தார் பகாதோ' என்றால் கட்டப்பட்டிருக்கும் போலும், அவ்வளவே. முன்னது கட்டாயம், பின்னது ஊகம். பேச்சில் ஸ்பானியர்களே இரண்டையும் குழப்புவார்கள். அதனால் ஆவணத்தில் 'தே' இருந்தாலும் இல்லாவிட்டாலும் முன்பின் வரிகளோடு ஒப்பிட்ட பிறகே முடிவெடுப்பேன்.

மரியாதை விஷயத்தில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. 'உஸ்தெத்' என்ற மரியாதைச் சொல், 'உங்கள் அருள்' என்று பொருள்படும் 'புவெஸ்த்ரா மெர்செத்' தேய்ந்து உருவானது. அருள் படர்க்கை அல்லவா? அதனால் எதிரில் இருப்பவரிடம் பேசினாலும் வினை படர்க்கையிலேயே வரும். படர்க்கைக்குரிய 'தாங்கள்' என்பதை முன்னிலையில் மரியாதைக்கு வழங்கும் நமக்கு இது புதிதன்று. நாம் வினையை மட்டும் 'வந்தீர்கள்' என்று முன்னிலையாக்கிவிடுகிறோம்.

ஆனால் இதே வழக்கம் 'சு' என்ற சிறுசொல்லில் சிக்கலாகிறது. 'சு சொலிசிதூத்' என்றால் தங்கள் விண்ணப்பமா, அவனுடையதா, அவளுடையதா, அவர்களுடையதா? நான்குக்கும் அதுவே சொல். கணவன், மனைவி இருவர் பெயரும் உள்ள விசாக் கடிதத்தில் அந்த வரி வந்தால், நான் ஊகிப்பதில்லை; அனுப்பிய அலுவலகத்திடமே கேட்டு எழுதி வாங்கச் சொல்லிவிடுவேன். இரண்டு நாள் தாமதமாகும், ஆகட்டும்.