கலப்பூடக ஓவியம்

நீர்வண்ணம், கரிக்கோல், அக்ரிலிக் (செயற்கைப் பிசினால் ஆன வண்ணம்), மெழுகு, தாள், துணி, மணல் எனத் தன்மையால் வேறுபட்ட பொருள்களை ஒரே பரப்பில் சேர்த்து ஆக்கும் ஓவியத்தை ‘மிக்ஸ்டு மீடியா’ என்கிறோம். இதற்குத் தமிழில் ‘கலப்பு ஊடக ஓவியம்’ என்ற தொடர் வழங்குகிறது. ஆயினும் ‘ஊடகம்’ என்றதும் செய்தித்தாளும் தொலைக்காட்சியும், ‘கலப்பு’ என்றதும் கலப்படமும் நினைவுக்கு வருவதால், இந்தத் தொடர் பொருந்தாது என்று தயங்குவோர் உண்டு. சொற்களின் வேரைப் பார்த்தால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

‘மீடியா’ என்பது ‘மீடியம்’ என்னும் இலத்தீன் சொல்லின் பன்மை. நடு, இடை என்பதே அதன் முதற்பொருள். ஓவியர்கள் இதை இரண்டு பொருளில் ஆள்கிறார்கள். எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம் போன்ற வரைபொருளின் வகையைக் குறிப்பது ஒன்று. நிறமித் தூளைக் குழைத்துப் பரப்பில் பிடித்து வைக்கும் ஆளிவிதை எண்ணெய், பிசின், முட்டையின் மஞ்சள் கரு ஆகியவற்றைக் குறிப்பது மற்றொன்று. நிறமிக்கும் பரப்புக்கும் இடையே நிற்பதால் பின்னதற்கு இந்தப் பெயர் நன்கு பொருந்துகிறது. தமிழில் ‘ஊடு’ என்பதற்கும் இடை, நடு, உள்வழி என்பனவே பொருள். ஊடுருவுதல், ஊடுபயிர் ஆகிய சொற்களில் அந்தப் பொருள் இன்றும் தெளிவாக இருக்கிறது. தறியில் பாவுக்குக் குறுக்கே ஓடும் இழைக்கும் ஊடு என்றே பெயர். ஆகவே ‘ஊடகம்’ ஓவியத்துக்கும் உரிய சொல்லே. செய்தித்துறை அதை மிகுதியாக ஆள்வதால் மட்டும் நாம் அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

‘கலப்பு’ என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பாலில் நீர் கலந்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆனால் கலந்துரையாடலில் கலந்துகொள்வோர் ஒருவரோடொருவர் கரைந்துபோவதில்லை. தத்தம் குரலோடு கூடியிருக்கிறார்கள். இவ்வகை ஓவியத்தில் நிகழ்வது இந்த இரண்டாம் கலப்பே: தாள் தாளாகவும் மணல் மணலாகவும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ‘நிலம் தீ நீர் வளி விசும்பொடு ஐந்தும் கலந்த மயக்கம் உலகம்’ என்று தொல்காப்பியம் கூறுமிடத்தில் மயக்கம் என்பதற்குக் கூட்டு என்பதே பொருள். இயற்கையையே ஒரு கலப்பாகக் கண்ட மொழியில் இந்தச் சொல்லை இழுக்காகக் கருதக் காரணமில்லை என்பது என் எண்ணம்.

ஸ்பானிய ஓவியர் பிக்காசோ 1912-இல், பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஓர் ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக வைத்தார். இம்முறைக்கு வழங்கும் ‘கொலாஜ்’ என்னும் பெயர், ஒட்டுதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒட்டோவியம் என்பது அதற்கு நேரான தமிழ். 1925-இல் ஜெர்மானிய ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட், மரத்தரையின் மேல் தாளை விரித்துக் கரும்பென்சிலால் தேய்த்தார். மரத்தின் வரிகள் தாளில் எழ, அவற்றிலிருந்து காடுகளையும் பறவைகளையும் கண்டெடுத்தார். ‘ஃப்ராட்டாஜ்’ எனப்படும் அதைத் தேய்ப்போவியம் எனலாம்.

இயற்கையிலிருந்து உந்துதல் பெறும் கலப்பூடக ஓவியருக்கு இந்தத் தேய்ப்பு இன்றும் நல்ல தொடக்கமாகிறது. மெல்லிய தாளை ஒரு மரப்பட்டையின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெழுகுக்கோலைச் சாய்த்து இழுத்தால், பட்டையின் மேடுகள் மட்டும் மெழுகை வாங்கிக்கொள்ளும். பள்ளங்கள் வெறுமையாக நிற்கும். அதன் மேல் நீர்வண்ணத்தைப் பூசும்போது, மெழுகு நீரை ஏற்காமல் தள்ள, வண்ணம் சிறு மணிகளாகத் திரண்டு வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. மழையில் நனைந்த பட்டையிலும் நீர் இவ்வாறே வரி பிடித்து இறங்கும். அந்தத் தாளைக் கிழித்து ஒட்டுவதா, கரிக்கோலால் மேலும் வரைவதா என்பதை ஓவியர் அதன் பிறகே, காய்ந்த பரப்பைப் பார்த்து முடிவு செய்கிறார். மரத்தைப் பார்த்து வரைவதோடு நில்லாமல், மரமும் நீரும் நடந்துகொள்ளும் விதத்தையே பரப்பில் நிகழவிடுவதுதான் இந்த முறையின் தனிச்சிறப்பு.

பொருள்களின் இயல்பை மீறவும் முடியாது. காய்ந்த அக்ரிலிக் மேல் எண்ணெய் வண்ணம் நிற்கும்; எண்ணெய் வண்ணத்தின் மேல் பூசிய அக்ரிலிக் நாளடைவில் உரிந்துவிடும். ஒட்டிய இலையின் பச்சை ஒளிபட்டு வெளிறும் என்பதால், அந்த வெளிறலையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

‘பல்லூடகம்’ என்பதை இதற்கு ஆளக்கூடாது. அது ஒலி, படம், எழுத்து ஆகியவை இணைந்த கணினித்துறைச் சொல். புணர்ச்சியோடு ‘கலப்பூடக ஓவியம்’ என்று எழுதுவதே செறிவாக இருக்கும். படத்தின் குறிப்பில் இந்தச் சொல்லோடு நிறுத்தாமல், ‘கலப்பூடகம்: கித்தான் மேல் அக்ரிலிக், மணல், தேய்ப்புத்தாள்’ என்று பொருள்களையும் பெயர் சொல்லிக் குறிப்பது நல்லது.