45 நாளில் பணம்: சிறு தொழிலுக்குச் சட்டம் தரும் உரிமையும் அதைக் கேட்பதற்கான டிஜிட்டல் தயாரிப்பும்

சரக்கு போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். போன் போட்டால் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார்கள். இதற்கிடையே கூலி கொடுக்க வேண்டும், மூலப்பொருள் வாங்க வேண்டும். பணம் கைக்கு வராவிட்டாலும், பில் போட்ட மாதத்துக்கான ஜிஎஸ்டி காத்திருக்காது. சிறு தொழில் நடத்தும் யாரிடம் பேசினாலும் முதலில் வருவது இந்தப் பாக்கிப் பேச்சுதான்.

இதற்கு இந்தியாவில் 2006 முதலே சட்டம் இருக்கிறது. குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர் எப்போது பணம் தர வேண்டும் என்று சொல்கிறது. எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் தர வேண்டும். அந்த நாளும் சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் கெடு 15 நாள்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஜூன் 1 அன்று சரக்கை இறக்கிவிட்டீர்கள். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. அப்படியானால் ஜூன் 16க்குள் பணம் வந்திருக்க வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டரில் '45 நாள்' என்று இருந்தால் ஜூலை 16. அதே ஆர்டரில் '90 நாள்' என்று அச்சடித்திருந்து நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால்? அப்போதும் ஜூலை 16தான். சட்டம் தரும் உச்ச வரம்பை ஒப்பந்தத்தால் நீட்ட முடியாது. இதைத் தெரியாமலேயே பலர் "நான்தானே ஒத்துக்கொண்டேன்" என்று வாயடைத்துப் போய்விடுகிறார்கள்.

"சரக்கில் குறை இருந்தது, அதனால்தான் நிறுத்தினோம்" என்ற பதிலுக்கும் சட்டத்தில் எல்லை உண்டு. குறை இருந்தால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்து மூலம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால், சரக்கு வந்து சேர்ந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு.

தாமதத்துக்கு வட்டியும் உண்டு. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டப்படும் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் கேட்கக்கூடிய வட்டி 18 சதவீதம். கடன் வாங்கிச் சமாளிக்கும் செலவை ஈடுகட்டக்கூடிய அளவு இது.

இவ்வளவு வலுவான உரிமை இருந்தும் ஏன் பாக்கி தேங்குகிறது? பெரிய வாடிக்கையாளரை இழந்துவிடுவோமோ என்ற பயம் ஒரு காரணம். அந்தப் பயம் நியாயமானது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்னொரு காரணம் நம் கையில் இருக்கிறது. இந்த உரிமையைக் கேட்கும் வழி இன்று இணையத்தில் இருக்கிறது. நம் ஆவணங்களோ பல இடங்களில் அங்கே போகும் நிலையில் இல்லை. டிஜிட்டல் மாற்றத்துக்குச் சிறு நிறுவனம் தயாரா என்று பார்க்க, நான் முதலில் கேட்பது எந்த மென்பொருள் வைத்திருக்கிறீர்கள் என்று அல்ல. போன மாதம் அனுப்பிய ஒரு சரக்குக்கு ஆர்டர், டெலிவரி சலான், பில், பெற்றுக்கொண்ட கையெழுத்து நான்கையும் உடனே எடுத்துக் காட்ட முடியுமா என்பதைத்தான்.

முதலில் உத்யம் பதிவு. குறு, சிறு, நடுத்தர நிறுவனம் என்று மத்திய அரசிடம் பதிவு செய்துகொள்வதுதான் இது. 2020 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள இந்தப் பதிவு முழுக்க இணையவழி, முழுக்க இலவசம். ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும். ஜிஎஸ்டி சட்டப்படி பதிவு செய்ய வேண்டிய நிறுவனம் என்றால் ஜிஎஸ்டி எண்ணும் வேண்டும். எந்தக் காகிதத்தையும் பதிவேற்ற வேண்டியதில்லை. முதலீடு, விற்றுமுதல் விவரங்கள் வருமான வரி, ஜிஎஸ்டி தரவுகளிலிருந்து எடுக்கப்படும். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிக் கட்டணம் கேட்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன. முகவரியின் முடிவில் அரசுக்குரிய 'கவ் டாட் இன்' (gov.in) இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் உயர்ந்திருக்கின்றன. இயந்திரம், தளவாட முதலீடு இரண்டரைக் கோடி ரூபாய்க்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு நிறுவனம். முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை சிறு நிறுவனம். அதற்கு மேலே உள்ள நடுத்தர நிறுவனங்களுக்குத் தாமதப் பண உரிமை கிடையாது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் கிடையாது. 2021 ஜூலையில் அவர்களுக்கும் உத்யம் பதிவு திறந்துவிடப்பட்டாலும், அது முன்னுரிமைத் துறைக் கடனுக்கு, அதாவது சில துறைகளுக்கு வங்கிகள் கட்டாயமாக ஒதுக்க வேண்டிய கடனுக்கு, மட்டும்தான். வியாபாரிகள் பலருக்கு இது புகார் கொடுக்கப் போன பிறகுதான் தெரிகிறது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

பதிவை எப்போது செய்கிறோம் என்பதும் முக்கியம். சரக்கு அனுப்பிய பிறகு பதிவு செய்தவர் பழைய பாக்கிக்கும் இந்த உரிமையைக் கேட்க முடியுமா என்பது உச்ச நீதிமன்றம் வரை போன விவாதம். அந்தச் சிக்கலே வேண்டாம். ஆர்டர் எடுப்பதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். அப்புறம் அந்த எண்ணைப் பில்லிலும் லெட்டர்பேடிலும் அச்சடியுங்கள். வாங்குபவரின் கணக்குப் பிரிவுக்கு நீங்கள் குறு நிறுவனமா, சிறு நிறுவனமா என்று தெரிந்திருப்பது உங்களுக்குத்தான் லாபம்.

ஏன் லாபம் என்றால், 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. 2024–25 மதிப்பீட்டு ஆண்டு முதல் (அதாவது 2023–24 நிதியாண்டின் கணக்கிலிருந்து), குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையைச் சட்டக் கெடுவுக்குள் தராத நிறுவனம், அதை உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். உங்கள் பணத்தை மார்ச் கடந்தும் வைத்திருந்தால் அவர்களுடைய வரி ஏறும். இந்த விதி வந்த பிறகு ஆடிட்டர்களே "இவர்களுக்கு முதலில் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லத் தொடங்கினார்கள். ஆனால் உங்கள் உத்யம் எண் அவர்கள் கோப்பில் இல்லையென்றால் அந்தப் பட்டியலில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

அப்படியும் பணம் வராவிட்டால் புகார்தான். அதற்கென 2017 அக்டோபரில் சமாதான் தளமும், 2025 ஜூன் 27 அன்று இணையவழித் தகராறு தீர்வுத் தளமும் தொடங்கப்பட்டன. உத்யம் எண், பில், ஆர்டர் ஆகியவற்றோடு அனுப்பும் மனு இத்தகைய பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் உங்கள் மாநில வசதியாக்க மன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய நான்கு ஊர்களில் இந்த மன்றங்கள் உள்ளன. முதலில் சமரசம் பேசுவார்கள். அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக நினைத்தால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். சும்மா இழுத்தடிக்க நினைப்பவரை யோசிக்க வைக்கும் விதி இது.

சண்டை வேண்டாம், வாடிக்கையாளர் உறவும் கெடக் கூடாது என்பவர்களுக்கு ட்ரெட்ஸ் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு இயங்கும் இணையத் தளங்கள் இவை. ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் என்று பல உண்டு. உங்கள் பில்லை அதில் ஏற்றுவீர்கள், வாங்கியவர் "சரி, இந்தத் தொகை தர வேண்டியதுதான்" என்று ஒப்புக்கொள்வார், வங்கிகள் தள்ளுபடி விகிதத்தை, அதாவது முன்கூட்டியே பணம் தருவதற்காகப் பில் தொகையில் கழித்துக்கொள்ளும் விகிதத்தை, போட்டியிட்டுக் கூறும். பிடித்த விகிதத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டால் தள்ளுபடி போக மீதிப் பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும். கெடு நாளில் வாங்கியவர் வங்கிக்குக் கட்டுவார். அவர் கட்டத் தவறினாலும் வங்கி உங்களிடம் திரும்பி வராது. வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கவும் தேவையில்லை. சிறு தொழிலுக்காக வந்த டிஜிட்டல் ஏற்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள நிறுவனங்களும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் 2025 மார்ச் 31க்குள் இந்தத் தளங்களில் சேர வேண்டும் என்பது மத்திய அரசின் உத்தரவு. உங்களிடம் வாங்கும் பெரிய நிறுவனம் இந்த வரம்புக்குள் வருமானால், அடுத்த ஆர்டர் பேசும்போதே "எந்தத் ட்ரெட்ஸ் தளத்தில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள்.