தாளம் தப்பத் தெரிந்த பெட்டி

நகரியில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் விசைத்தறிகள் ஓடும். ஒரு தறியின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் அப்பா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போவார். சீராக ஓடுகிற தறி அவர் காதில் விழுவதே இல்லை. ஐசியு படுக்கைக்கு மேலே இருக்கும் மானிட்டரிடமும் நாம் எதிர்பார்ப்பது அந்தக் காதைத்தான்.

நான் வேலை பார்ப்பது எல்லையோர ஆஸ்பத்திரி ஒன்றில், மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் பிரிவில். மானிட்டரைக் கழற்றினால் நர்ஸ் கேட்பார்: "நல்லாத்தானே ஓடுது அண்ணா?" நல்ல இதயத்தை எந்த மானிட்டரும் காட்டிவிடும். கெட்டுப்போன துடிப்பைக் கண்டதும் அது கத்துகிறதா என்பதுதான் கேள்வி. அதற்காக ஒரு நோயாளியின் இதயத்தை நிறுத்திப் பார்க்க முடியுமா? அதனால்தான் சிமுலேட்டர், அதாவது இதயத்தின் மின்துடிப்பைப் போலியாக உண்டாக்கிக் காட்டும் கருவி.

கையில் அடங்கும் பெட்டி அது. மேலே வலது கை, இடது கை, இடது கால் என்று குறித்த உலோக முனைகள்; நோயாளியின் உடம்பில் மாட்டும் ஈசிஜி ஒயர்களை அப்படியே இதில் மாட்டலாம். இதயத்தின் மின்சாரம் தோலுக்கு வந்து சேரும்போது ஏறக்குறைய 1 மில்லிவோல்ட்தான் இருக்கும். சுவர்க்கடிகாரத்தில் போடும் செல் அதைப் போல 1,500 மடங்கு. பெட்டியின் நினைவகத்தில் துடிப்பின் வடிவம் எண்களாக இருக்கிறது. அவற்றை வரிசையாக எடுத்து மின்னழுத்தமாக மாற்றி, ரெசிஸ்டர்கள் வழியாக மில்லிவோல்ட் அளவுக்குக் குறைத்து, ஒவ்வொரு முனைக்கும் அதற்குரிய பங்கைக் கொடுக்கிறது.

சரி, தாளம் எப்படித் தப்புகிறது? இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில், துடிப்புக்கு முன்னால் வரும் சிறு மேடான பி அலை இருக்காது. அந்த இடத்தில் கோடு நடுங்கும், துடிப்புகளின் இடைவெளி ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. பைஜெமினி என்ற இன்னொரு கோளாறில் ஒரு நல்ல துடிப்பு, உடனே அவசரப்பட்டு வந்த அகலமான துடிப்பு, பிறகு ஒரு நிறுத்தம், மறுபடி அதே வரிசை. இது நிஜ நோயாளிக்கு வந்தால் ஈசிஜி 80 என்று சொல்லும்போது விரலில் மாட்டிய கருவி 40 என்று சொல்லலாம். அவசரத் துடிப்பின்போது இதயத்தில் ரத்தம் நிறைந்திருக்காது, அதனால் அந்த நாடி விரல்வரை வராமல் போகும். இரண்டு எண்ணும் உண்மைதான்.

பெட்டியின் துடிப்புகள் பாடப்புத்தகப் படம்போல் சுத்தமானவை. நிஜ உடம்பு இருமும், புரளும். அதனால் மானிட்டருக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் நிஜப் பதிவுகளிலும் சோதிக்கிறார்கள். பாஸ்டனில் 1975 முதல் 1979 வரை 47 பேரிடம் எடுத்த 48 அரைமணிப் பதிவுகள் இன்றும் அதற்குப் பயன்படுகின்றன.

என் வேலைக்குப் பெட்டியே போதும். நேர்க்கோட்டைப் போட்டுவிட்டு ஸ்டாப்வாட்சை அழுத்துவேன். இதயம் நின்றால் 10 விநாடிக்குள் அலாரம் அடிக்க வேண்டும் என்பது சர்வதேசத் தரம்.

எனக்குப் பயம் தருவது, இதயத்தை மின்சாரத்தால் தூண்டித் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவிக்கான சோதனைதான். பேஸ்மேக்கரின் துடிப்பு ஊசிபோல் மெல்லிய கோடு, அகலம் 2 மில்லிவிநாடிக்கு மேல் போகாது. இதயத்தின் கீழறைத் துடிப்போ 80, 100 மில்லிவிநாடி. இதயம் நின்ற பிறகும் பேஸ்மேக்கர் ஊசிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். மானிட்டர் அவற்றையே இதயத் துடிப்பாக எண்ணிவிட்டால்?

ஒருமுறை அதைக் கண்ணால் பார்த்தேன். பெட்டியில் ஊசி மட்டும், துடிப்பே இல்லை. பழைய மானிட்டர் ஒன்று பச்சை எழுத்தில் 70 என்று காட்டிக்கொண்டு அமைதியாக நின்றது. எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. பேஸ்மேக்கரைக் கண்டறியும் செட்டிங்கை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். அதைப் போட்டதும் 70 மறைந்தது, சில விநாடிகளில் அலாரம் அலறியது.

அன்று மாலையே மற்ற படுக்கைகளின் மானிட்டர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து அந்த செட்டிங்கைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.